வீட்டுக்காரர் கடன் கட்டவில்லை, வாடகைக்கு இருந்த நாங்கள் என்ன செய்தோம்

வீட்டை வங்கி எடுத்துக்கொள்ள வரும்போது வாடகைக்கு இருப்பவரின் நிலையைத் தீர்மானிப்பவை முக்கியமாக இரண்டு தேதிகள்: வீடு அடமானத்துக்குப் போன தேதி, நம் ஒப்பந்தத்தின் தேதி. வக்கீல் எங்களிடம் முதலில் கேட்டதும் அதைத்தான்.

சென்னையில் நாங்கள் மாடியில் இருந்தோம். வீட்டுக்காரர் தொழிலுக்காகப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருந்தார். வராத கடனுக்கு அடமானச் சொத்தை வங்கி நேரடியாக எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி (2002) கடன் வாங்கியவருக்கு 60 நாள் நோட்டீஸ் போகும். அது வாடகைக்காரருக்கு வராது. வீட்டை வங்கி தன் வசம் எடுப்பதாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பைக் கேட்டில் ஒட்டியபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. போன் செய்தால், "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, ரெண்டு மாசத்துல செட்டில் பண்ணிடுவேன்" என்றார் வீட்டுக்காரர். அதை நம்பிக் காத்திருந்தால் கெடு போய்விடும். சுவாதீன நடவடிக்கையிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில், அதாவது டிஆர்டியில், அதே சட்டத்தின் 17ஆம் பிரிவின்கீழ் மனுப் போட வேண்டும். 2016 திருத்தம் வாடகைக்காரருக்காகவே 17(4ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்திருக்கிறது.

கீழ்வீட்டு அக்கா பதறிப்போய் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் வங்கியின் நடவடிக்கைக்குச் சிவில் கோர்ட்டிலும் தடை கிடைக்காது, சர்ஃபேசி சட்டத்தின் 34ஆம் பிரிவு அந்த வழியை அடைத்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவர்கள் வீணாக அலைவது இங்கேதான்.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்தோம். அடமானம் பதிவாகியிருந்த தேதி, எங்கள் மூன்று வருட ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்ததற்குப் பிந்தையது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிந்தே ஆக வேண்டும். பதியாத, வாய்மொழி வாடகைக்கு இந்தச் சட்டத்தில் எவ்வளவு குறைந்த மதிப்பு என்பதை உச்ச நீதிமன்றம் 2019இல் பஜ்ரங் ஷியாம்சுந்தர் அகர்வால் வழக்கில் சொல்லிவிட்டது. ஒப்பந்த நகல், வங்கி வழியாக வாடகை அனுப்பிய விவரம், அந்த முகவரியில் இருந்த ஆதார், கேஸ் புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்து, வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதில் வரவில்லை. டிஆர்டியில் மனுப் போட்டோம்.

அங்கே கேட்ட கேள்விகள் சட்டத்தில் உள்ளவைதான்: ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா, அடமான நிபந்தனைக்கு விரோதமா, அடமானம் வைத்தவர் வாடகைக்கு விடுவதற்கான விதியைச் சொல்லும் சொத்து மாற்றுச் சட்டம் 65ஏ பிரிவுக்கு விரோதமா, 60 நாள் நோட்டீஸுக்குப் பிறகு குடிவந்தவர்களா. எதிலும் நாங்கள் சிக்கவில்லை. ஒப்பந்தம் முடியும்வரை இருக்கலாம், வாடகையை வங்கியில் கட்ட வேண்டும் என்று உத்தரவானது. அட்வான்ஸை வாடகையில் கழிக்கச் சொல்லிக் கேட்டோம், வங்கி ஒப்பவில்லை. அந்தப் பணத்தை வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டுமாம்.

அக்காவின் கதை வேறு. மாத வாடகைக்குப் பதிலாக லீசுக்கு என்று பெருந்தொகை கொடுத்து, 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி வைத்திருந்தார், அதுவும் அடமானத்துக்குப் பிறகு. பதிவு இல்லை. சென்னையில் லீசுக்கு இருக்கும் எத்தனையோ குடும்பங்கள் இதே நிலையில்தான் இருக்கின்றன. நகையை விற்றுச் சேர்த்த பணம் இப்படிப் போவதைப் பார்க்க எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. எழும்பூர் சீஃப் மெட்ரோபாலிட்டன் மாஜிஸ்திரேட் கோர்ட் உத்தரவுடன், வீட்டை வங்கி வசம் ஒப்படைக்கக் கோர்ட் நியமித்த வக்கீலான அட்வகேட் கமிஷனர் வந்தார். பையனின் பிளஸ் டூ பரீட்சையைச் சொல்லிக் கொஞ்சம் அவகாசம் வாங்கினோம், அவ்வளவுதான்.

ஏலத்தில் கடன், வட்டி, செலவு போக மிஞ்சினால் அது சாதாரணமாக வீட்டுக்காரர் கைக்குப் போகும், லீசுக்காரருக்குத் தானாக வராது. ஆகவே பணத்தைக் கேட்டு வீட்டுக்காரர்மேல் தனியாக வழக்குப் போட்டு, அந்த மிச்சத்தை ஜப்தி செய்யவும் அக்கா மனுக் கொடுத்திருக்கிறார். ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே அதைத் தாக்கல் செய்யச் சொன்னது எங்கள் வக்கீல். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.