சைபர் ரேஞ்ச் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

எஸ்டோனியாவின் தாலின் நகரில் சைபர் பாதுகாப்பு முதுகலை படிக்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது ரேஞ்ச் தேர்வைப் பற்றித்தான். ரேஞ்ச் என்பது ஒரு பயிற்சிக் களம். ஒரு ராணுவத் தளத்தின் வலையமைப்பை மெய்நிகர் கணினிகளால், அதாவது மென்பொருளுக்குள் ஓடும் கணினிகளால், அச்சு அசலாக நகலெடுத்து வைத்திருப்பார்கள். சிவப்பு அணி தாக்கும். நீல அணியான நாம் காக்க வேண்டும். 2007இல் அரசுத் தளங்களும் வங்கிகளும் தாக்கப்பட்டுத் திணறிய நாடு இது. இங்கே இந்தப் பயிற்சியை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

இதன் பெரிய வடிவம், நேட்டோ அங்கீகாரம் பெற்ற தாலின் சைபர் பாதுகாப்பு மையம் 2010 முதல் நடத்திவரும் லாக்டு ஷீல்ட்ஸ் என்ற பயிற்சி. 2022இல் 32 நாடுகளிலிருந்து 2,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். பெரிலியா என்ற கற்பனைத் தீவு நாட்டுக்காகச் சுமார் 5,500 மெய்நிகர் கணினிகளைக் காத்தார்கள்.

தாக்குகிறவனைப் பிடிப்பதற்குத்தான் மதிப்பெண் என்று நினைத்து வருகிறவர்களே அதிகம். எங்கள் தேர்வில் சேவை தடையின்றி ஓடுவதற்கும், நிலவர அறிக்கைக்கும்தான் பெரும்பங்கு. பயந்துபோய், வலையமைப்பின் காவல் சுவரான ஃபயர்வாலில் எல்லா வழிகளையும் அடைத்தால் சிவப்பு அணி நுழையாதுதான். ஆனால் பயனராக நடிக்கும் ஒருவர் "மின்னஞ்சல் போகவில்லை" என்று புகார் கொடுப்பார், மதிப்பெண் இறங்கும். கெட்டுப்போன கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பித் தரச் சொன்னாலும் கழிப்பார்கள்.

முதல் அரைமணி நேரத்தில் எதைச் செய்வது என்பதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, வலையமைப்பின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைன் சர்வரில் 'கேஆர்பிடிஜிடி' (krbtgt) என்றொரு கணக்கு இருக்கும். உள்ளே நுழையும் பயனர்களுக்குச் சர்வர் தரும் அனுமதிச்சீட்டுகளுக்கு இதன் கடவுச்சொல்தான் முத்திரை போல. அதன் கடவுச்சொல்லை இரண்டு முறை மாற்ற வேண்டும். முந்தைய கடவுச்சொல்லையும் சர்வர் ஏற்றுக்கொள்ளும் என்பதால், ஒருமுறை மட்டும் மாற்றினால், பழையதைத் திருடி வைத்திருப்பவன் போலி அனுமதிச்சீட்டு தயாரித்து உலாவிக்கொண்டே இருப்பான். அடுத்தடுத்து மாற்றினால் உண்மையான பயனர்களின் சீட்டுகளும் செல்லாமல் போகும். எனவே அவர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே இரண்டையும் முடித்துவிட வேண்டும். இந்த வரிசை பாடப்புத்தகத்தில் படித்தால் கைக்கு வராது.

வீட்டிலேயே பழகலாம். 16 ஜிபி நினைவகம் கொண்ட மடிக்கணினியும், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளும் போதும். விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பு, ஒரு பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால், ஒரு லினக்ஸ் இணைய சர்வர், இவற்றை இணைத்தால் சின்ன ரேஞ்ச் தயார். நண்பர் ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் பார்க்காதபோது எங்கேயாவது ஒரு பின்வாசலை, அதாவது திருட்டுத்தனமாக நுழைய ஒரு வழியை, திறந்துவைக்கச் சொல்லுங்கள். கண்டுபிடித்த பிறகு, தொழில்நுட்பம் தெரியாத ஒரு படைத்தளபதிக்குப் புரியும்படி ஐந்தே வரிகளில் எழுதுங்கள்: என்ன நடந்தது, எது பாதிக்கப்பட்டது, என்ன செய்தோம், அவர் என்ன முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்தக் கடைசி வரியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.