நுவரெலியா யாருக்குப் போட்டது?

"உங்க ஆளுங்க தலைவர் கைகாட்டுற பக்கம்தானே புள்ளடி போடுவாங்க?" ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தல் முடிந்ததும் யாராவது ஒருவர் இதை என்னிடம் சொல்லிவிடுவார். கொழும்புச் சொந்தக்காரர்கள் சொல்வார்கள், ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள். மலையகத்தை ரயில் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவர்கள் இன்னும் உறுதியாகச் சொல்வார்கள். நான் கணித ஆசிரியை. தலவாக்கலைக்கும் லிந்துலைக்கும் நடுவே ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது அதே பக்கத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பத்தாம் தரத்துக்குச் சதவீதம் சொல்லித்தரும்போது மாவட்டத் தேர்தல் முடிவுகளைத்தான் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகளுக்கும் தூக்கம் வராது. அதனால் இந்தக் கேள்விக்குக் கணக்காகவே பதில் எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் 2024. செப்டம்பர் 21, சனிக்கிழமை. நாட்டு முடிவு எல்லோருக்கும் தெரியும். அநுர குமார திசாநாயக்க 42 சதவீதம், சஜித் பிரேமதாச 33க்குக் கொஞ்சம் குறைவு, ரணில் விக்கிரமசிங்க 17. பாதியை யாரும் தாண்டவில்லை. இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாவது விருப்பு வாக்கை எண்ண வேண்டி வந்தது. நுவரெலியா மாவட்டத்தில் வரிசையே வேறு: சஜித் 42, ரணில் 29, அநுர 22. நாட்டில் முதலாவதாக வந்தவர் எங்களிடம் மூன்றாவது. பக்கத்துப் பதுளையும் சஜித்துக்குத்தான் போட்டது. கண்டி அநுரவோடு போனது.

தோட்டத் தொழிலாளரின் தொழிற்சங்கமும் கட்சியுமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், அதாவது இ.தொ.கா., ரணில் பக்கம் நின்றது. இ.தொ.கா.வின் ஜீவன் தொண்டமான் ரணிலின் அமைச்சரவையில் இருந்தவர். மலையகத்தின் மற்றக் கட்சிகள் சேர்ந்த தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தோடு நின்றது. ஆகவே "தலைவர் கைகாட்டினார்" என்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: எந்தத் தலைவர்?

இரண்டாவது விஷயம், மாவட்டம் முழுவதும் தோட்டம் இல்லை. நுவரெலியா–மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குரன்கெத்த, வலப்பனை என்று நான்கு தொகுதிகள். 2012 குடிசன மதிப்பீட்டில் மலையகத் தமிழர் பாதிக்குக் கொஞ்சம் மேல், சிங்களவர் நாற்பது சதவீதம் அளவில். ஹங்குரன்கெத்த, வலப்பனைப் பக்கம் போனால் வயலும் மரக்கறித் தோட்டமுமாகச் சிங்களக் கிராமங்கள். அவர்களுடைய வாக்கையும் எங்கள் கணக்கில் எழுதிவிட்டுத்தான் நிறையப் பேர் மலையகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

சரி, தலைவர் கதை எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரிந்தவரை 2005இல் இருந்து. அந்தத் தேர்தலைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் என் முதல் வாக்கு. அப்பாவுக்கும் அதுதான் முதல் ஜனாதிபதித் தேர்தல்.

அப்பாவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. நாற்பது வயதில் முதல் வாக்கு என்றால் வெளியாட்களுக்கு விளங்காது, இங்கே விளங்கும். 1947 தேர்தலில் எங்கள் வாக்கில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, பின்னாலேயே வாக்கும் போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாத்தா இந்தியப் பிரஜையாகி அங்கே போவதாக எழுதிக்கொடுத்துவிட்டார். எழுதிக்கொடுத்தாரே தவிரப் போகவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருக்கும்போதே 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுவிட்டது. போகவும் இல்லை, இங்கே பிரஜையும் இல்லை. அப்பாவும் நாங்களும் அந்தக் கணக்கிலேயே வளர்ந்தோம். 2003இல் வந்த சட்டம்தான் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பிரஜாவுரிமைக் கடுதாசி கொடுத்தது. அப்போது பிரதமர் ரணில்.

2005 நவம்பர் 17. மஹிந்த ராஜபக்ஷவுக்கு வெற்றிலைச் சின்னம், ரணிலுக்கு யானைச் சின்னம். இந்த நாட்டு ஜனாதிபதித் தேர்தல்களில் இவ்வளவு இறுக்கமான போட்டி இருந்ததில்லை. மஹிந்த 4,887,152, ரணில் 4,706,366. வித்தியாசம் 180,786. மஹிந்தவுக்கு 50.29 சதவீதம், அதாவது பாதிக் கோட்டுக்கு மேலே வெறும் இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம் வாக்கு. வடக்கில் புலிகள் புறக்கணிக்கச் சொன்னதால் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு ஒருவர்தான் வாக்களித்தார் என்று சொல்லலாம். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எங்கள் மாவட்டம் செய்ததைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. நுவரெலியா ரணிலுக்கு 70 சதவீதம் கொடுத்தது. இரண்டரை இலட்சம் எதிர் ஒரு இலட்சம். நாடு முழுவதிலும் அவர் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்தில் தோற்றார். இந்த ஒரு மாவட்டம் மட்டும் அவருக்கு ஒன்றரை இலட்சம் முன்னிலை கொடுத்திருந்தது.

அந்த முறை இ.தொ.கா.வும் ரணில் பக்கம். தலைவர் சொன்னதும் சனம் போட்டதும் ஒன்றாக இருந்தது. பார்த்தவர்கள், தலைவர் சொன்னார், சனம் போட்டது என்று எழுதிக்கொண்டார்கள். அப்பாவைக் கேட்டிருந்தால் தன் கடுதாசியைக் காட்டியிருப்பார்.

இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. தலைவர் பக்கம் மாறும்போது சனமும் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். 2010இல் இ.தொ.கா. மஹிந்தவோடு. மாவட்டம் சரத் பொன்சேகாவுக்கு 52, மஹிந்தவுக்கு 44. யுத்தம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, யுத்தத்தை நடத்திய ஜெனரலுக்கே தமிழ்த் தோட்டங்கள் புள்ளடி போட்டன. எனக்கு இன்றைக்கும் அது சங்கடமான கணக்கு. ரணிலின் யானைக்காரர்கள் நிறுத்திய ஆள் என்பது போதுமாக இருந்தது போல. 2015இல் இ.தொ.கா. மறுபடி மஹிந்தவோடு, மைத்திரிபால சிறிசேனவுக்கு 64, மஹிந்தவுக்கு 34. மலையகத்தின் வேறு கட்சிக்காரர்களான திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும் கடைசி நேரத்தில் மைத்திரி பக்கம் தாவியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019இல் இ.தொ.கா. கோட்டாபயவோடு, ஆயிரம் ரூபாய்ச் சம்பளப் பேச்சோடு. மாவட்டம் சஜித்துக்கு 58, கோட்டாபயவுக்கு 37.

இ.தொ.கா. கைகாட்டியவருக்கு எங்கள் மாவட்டத்தில் கிடைத்ததை மட்டும் தனியாக எடுத்து எழுதினால்: 2010இல் 44, 2015இல் 34, 2019இல் 37, 2024இல் 29. நான்கிலும் அவர் இங்கே முதலாவதாக வரவில்லை. அதிலும் சிங்களக் கிராமங்களின் வாக்கு கலந்திருக்கிறது. மஹிந்தவுக்கு 2005இன் 28இல் இருந்து 2010இல் 44க்கு ஏறியதில் தோட்டத்தின் பங்கு எவ்வளவு, யுத்த வெற்றியில் கிராமத்தின் பங்கு எவ்வளவு என்று இந்த எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. தலைவரின் கைக்குப் பெறுமதியே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ரணிலுக்கு நாட்டில் 17, இங்கே 29 என்றால் அந்த மேலதிகத்தில் ஒரு பங்கு இ.தொ.கா. காரியாலயத்தில் இருந்துதான் வந்திருக்கும். ஆனால் கையைக் காட்டினால் மாவட்டமே திரும்பும் என்பது வேறு.

வெளியாட்கள் குழம்புவது சந்தாவில். என் அம்மா கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். வேலைக்காலம் முழுக்க ஒரே தொழிற்சங்கம்தான், இ.தொ.கா.; மாதாமாதம் சம்பளத்தில் சந்தா வெட்டுவார்கள். சங்கத்தின் பெரிய தலைவர் படம் எங்கள் லயத்து வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் 2010இல் இருந்து அந்தச் சங்கம் சொன்னவருக்கு அம்மா ஒருமுறைகூடப் போட்டதில்லை. சங்கம் எதற்கு? தோட்டத்துத் துரை அன்றைய சம்பளப் பேரை வெட்டினால், கொழுந்து நிறுக்கும்போது கிலோவைக் குறைத்தால், பிள்ளைப்பேற்றுக் காசு இழுபட்டால், ஈ.பி.எஃப். என்ற சேமலாப நிதித் தாள் எங்கேயோ சிக்கிக்கொண்டால் போய்ப் பேச ஒரு ஆள் வேண்டும். அதற்குச் சந்தா. வாக்கு அதற்கு இல்லை. "சந்தாதான் மாசாமாசம் குடுக்குறனே, அப்புறம் இது எதுக்கு?" என்று அம்மாவே தோட்டத் தலைவரிடம் கேட்டிருக்கிறார். அவரும் நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

2024இல் தோட்டத்துக்குள் பேசப்பட்டது சம்பளம்தான். மே தினத்தன்று கொட்டகலைக் கூட்டத்தில் ரணில் நாளுக்கு 1,700 ரூபாய் என்று அறிவித்தார். அதுவரை ஆயிரம். கைதட்டலுக்குக் குறைவில்லை. கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின, வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை வந்தது. தேர்தல் நெருங்கும்போது அடிப்படைச் சம்பளம் 1,350 என்ற இடத்தில் வந்து நின்றது. ஆயிரத்தில் இருந்து 350 ஏற்றம் என்பது சாதாரணமில்லை, உண்மையில் அதுவரை கிடைத்த ஏற்றங்களில் அது பெரியதுதான். ஆனால் காதில் விழுந்தது 1,700. வீட்டு வாசலில் நான் கேட்ட எல்லோரும் 350 கூடியதைச் சொல்லவில்லை, 350 குறைந்ததைத்தான் சொன்னார்கள். கணிதத்தில் இரண்டும் ஒரே எண், குறிதான் வேறு.

சின்னமும் உதவவில்லை. ரணிலுக்கு யானை இல்லை, காஸ் சிலிண்டர். 2022 பொருளாதார நெருக்கடியில் காஸ் வரிசையில் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுக் காத்திருந்த சனத்திடம் அதைக் காட்டினால், வரிசையை ஒழித்த ஆள் என்று நினைப்பார்கள் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஹட்டன் டவுனில் நான் கேட்டதெல்லாம் பகிடிதான்.

2005இல் 70 கொடுத்த அதே ஆளுக்கு 2024இல் 29. பத்தொன்பது வருடத்தில் கடுதாசிக்கான நன்றி தீர்ந்துபோனது என்று சொல்லலாம், அது கொஞ்சம் அநியாயமாகவும் இருக்கும். என் மாணவர்களுக்குக் கடுதாசி என்றால் என்னவென்றே தெரியாது, பிறந்தபோதே பிரஜை. அவர்களுடைய அண்ணன்மார் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிறார்கள். தேர்தலுக்கு முந்தைய இரவு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். அவர்கள் பேசியது காணி, வீடு, வேலை. சஜித் தோட்டத் தொழிலாளரைச் சிறுதேயிலைத் தோட்ட உரிமையாளர் ஆக்குவேன் என்றார், அது வயதானவர்களுக்கும் பிடித்தது. திசைகாட்டிக்காரர்கள், அதாவது அநுரவின் தேசிய மக்கள் சக்தி, 2023இலேயே மலையகத்துக்கென்று ஹட்டன் பிரகடனம் என்று ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள், அதைப் பொடியன்கள் ஃபோனில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மலையகத்தின் முன்னாள் எம்.பி. மயில்வாகனம் திலகராஜாவும் வேட்பாளராக இருந்தார், எங்கள் டிவிசனில் அவரைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வந்தது விருப்பு வாக்கில், அதாவது சீட்டில் முதல் ஆளுக்கு 1, அடுத்தவர்களுக்கு 2, 3 என்று எழுதும் முறையில். முதல் எண்ணிக்கையில் அநுர, சஜித் தவிர மற்றவர்களுக்குப் போட்டவர்கள் 33 இலட்சத்துக்கு மேல். அவர்களின் 2, 3 எழுத்துகள்தான் இரண்டாம் சுற்றில் எண்ணப்பட்டன. அதில் அநுரவுக்குப் போனது 105,264, சஜித்துக்கு 167,867. கூட்டினால் இரண்டே முக்கால் இலட்சம்கூட இல்லை. பன்னிரண்டு பேரில் ஒருவருடைய இரண்டாவது விருப்பம்தான் கணக்கில் ஏறியது. நுவரெலியாவில் மட்டும் ரணிலுக்குப் போட்டவர்கள் ஒரு இலட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேர்; அவர்களிலும் பெரும்பாலோர் ஒரு புள்ளடியோடு சீட்டை மடித்திருப்பார்கள். இரண்டடிக்கு மேல் நீளமான சீட்டு, அதில் முப்பத்தொன்பது பெயர், ஒவ்வொரு மேடையிலும் "நம்ம சின்னத்துக்கு மட்டும் போடுங்க" என்ற பேச்சு. 1, 2, 3 எழுதலாம் என்று தமிழில் பொறுமையாக விளக்கிய ஒரு கட்சிக்காரரையும் நான் பார்க்கவில்லை. தங்கள் ஆள் தோற்றால் அடுத்தது யார் என்று சனம் யோசிப்பதையே அவர்கள் விரும்பவில்லை. எல்லோரும் எழுதியிருந்தால் முடிவு மாறியிருக்குமா? சஜித் அநுரவைவிடப் பின்தங்கியிருந்தது பன்னிரண்டே முக்கால் இலட்சம் வாக்கு அளவு. மாறியிருக்கலாம், மாறாமலும் போயிருக்கலாம். வைத்திருந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது, அதுவும் எங்கள் ஆட்கள்.

ஊரடங்கு இரவில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து நானும் அம்மாவும் முடிவு கேட்டோம். ஞாயிறு இரவுதான் அறிவித்தார்கள். இந்த மாவட்டம் 2005இல் இருந்து ஐந்து ஜனாதிபதித் தேர்தலில் ஒரே ஒரு முறைதான், மைத்திரியின் போது, வென்றவர் பக்கம் இருந்திருக்கிறது. நான் அதைச் சொன்னதும் அம்மா அலட்டிக்கொள்ளவில்லை.

பிறகு நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜனாதிபதித் தேர்தலில் இங்கே 22 எடுத்த திசைகாட்டி இப்போது 41 சதவீதம், எட்டு ஆசனத்தில் ஐந்து. வாக்களிக்க வந்தவர்கள் குறைந்திருந்தும் அவர்களுடைய வாக்கு ஒரு இலட்சத்து ஐயாயிரத்தில் இருந்து ஒரு இலட்சத்து அறுபதாயிரம் ஆனது. சஜித் கட்சிக்கு செப்டம்பரில் விழுந்ததில் பாதிதான் வந்தது, இரண்டு ஆசனம், திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும். யானைச் சின்னத்தில் ஜீவன் ஒருவர். எங்கள் மாவட்டத்திலும் பதுளையிலுமாக இரண்டு மலையகத் தமிழ்ப் பெண்கள் திசைகாட்டியில் பாராளுமன்றம் போனார்கள், கிருஷ்ணன் கலைச்செல்வியும் அம்பிகா சாமுவேலும். இவ்வளவு காலம் கொழுந்து பறித்த பெண்கள் சந்தா கட்டி ஆண்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அதனால் இதை மட்டும் நான் கட்சி பாராமல் கொண்டாடினேன்.

இரண்டு மாதத்தில் திசைகாட்டி மீது காதல் வந்துவிட்டதா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஜனாதிபதிக்குப் போடுறது நம்ம விருப்பத்துக்கு. எம்.பி.க்குப் போடுறது காரியத்துக்கு. ஜெயிச்சவன்கிட்டத்தானே வீடு கேக்க முடியும்?" என்றார். அம்மா எந்தப் பெட்டியில் எதைப் போட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்து வந்தது 2025 மே உள்ளூராட்சித் தேர்தல். அதற்கு முன்னாலும் எங்கள் டிவிசன் தலைவர் அந்த முறை யாருக்குப் போடச் சொல்வது என்று மேலிடத்து ஃபோனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.