எக்ஸ்ரே மெஷினுக்கு கியூஏ டெஸ்ட் – கூடவே நின்னு பார்த்த அனுபவம்

நான் ஒரு சின்ன ஆஸ்பத்திரில ரேடியோகிராபர். எங்க எக்ஸ்ரே மெஷினோட ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) லைசென்ஸ் முடியுற நேரம் வந்துச்சு. லைசென்ஸ் 5 வருஷத்துக்கு, மெஷின் சரியா வேலை செய்யுதான்னு பார்க்குற தர சோதனையான கியூஏ டெஸ்ட் 2 வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுக்கணும், நடுவுல டோஸை (பேஷண்டுக்குப் போற கதிர் அளவை) பாதிக்கிற மாதிரி எதையாவது ரிப்பேர் பண்ணாலும் மறுபடி எடுக்கணும். அந்த ரிப்போர்ட்ட ஏஇஆர்பியோட ஈலோரா ஆன்லைன் போர்ட்டல்ல ஏத்தினாத்தான் அப்ளிகேஷன் நகரும். நிறைய இடத்துல டெஸ்ட் பண்றவங்க வந்துட்டுப் போறதே யாருக்கும் தெரியாது, ரிப்போர்ட் மட்டும் ஃபைல்ல வந்து உக்காந்துரும், அப்படி இருக்கக் கூடாதுன்னு ஓபி கூட்டம் குறைஞ்சதும் ரூமை ஒழிச்சுக் குடுத்துட்டு நானும் கூடவே நின்னுட்டேன்.

ஏஜென்சிலேருந்து வந்த தம்பி ரொம்ப பொறுமையான ஆளு, கேக்கக் கேக்க சொல்லிக்கிட்டே பண்ணாரு. டேபிள் மேல மீட்டர வெச்சு 60, 70, 80, 100 கேவி (டியூபுக்குக் குடுக்குற வோல்டேஜ்) ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தாரு, நாம செட் பண்றதுக்கும் வர்றதுக்கும் 5 கேவிக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. டைமர்ல 10 சதவீதம் வரைக்கும் பரவால்ல. அதெல்லாம் பிரச்சனையில்லாம முடிஞ்சது.

மாட்டினது கொலிமேட்டர்ல, அதாவது கதிர் எவ்வளவு அகலத்துக்கு விழணும்னு லைட்ட காட்டி அளவு வைக்கிற பெட்டில. கேசட் (படம் பதியுற தட்டு) மேல ஒரு பித்தளை பிளேட், அதுல செவ்வகமா கோடு போட்டிருக்கும், நடுவுல ஒரு சின்ன சிலிண்டர், அதுக்கு மேலயும் கீழயும் ஒவ்வொரு ஸ்டீல் குண்டு. டியூப 100 செ.மீ உயரத்துல நிறுத்தி லைட்ட சரியா அந்த கோட்டு மேல விழற மாதிரி தொறந்து ஒரு எக்ஸ்போஷர். படம் வந்துச்சு, மேல் குண்டோட நிழல் நடுவுல தெரியுற முதல் வட்டத்துக்குள்ளயே இருந்துச்சு, அதாவது பீம் சாய்வு 1.5 டிகிரிக்குள்ள, ஓகே. ஆனா ஒரு பக்கம் கதிர் கோட்டத் தாண்டி 3 செ.மீக்கு மேல வழிஞ்சிருக்கு, எதிர்ப்பக்கம் கோடு வரைக்கும் வந்து சேரவே இல்ல. 100 செ.மீ தூரத்துக்கு 2 சதவீதம்தான் அளவு, அதாவது 2 செ.மீ. ஃபெயில்.

அதப் பார்த்ததும் எனக்கு மனசே கேக்கல. கொஞ்ச நாளாவே செஸ்ட் எடுத்தா ஓரம் கட் ஆகுதுன்னு டியூட்டில இருக்கறவங்க எல்லாருமே லைட்ட தாராளமா தொறந்து வெச்சு எடுத்துக்கிட்டு இருந்தோம், பேஷண்ட் சரியா நிக்கலன்னு நெனச்சோம். சின்னக் குழந்தைக்கு செஸ்ட் எடுக்கும்போது அந்த அகலம் வயித்துக்கும் சேர்த்துப் போகும், படம் மட்டும் நல்லா வந்துரும், அதனால யாரும் கேக்க மாட்டாங்க.

ஃபைலப் புரட்டினா, முன்னாடி கொலிமேட்டர் பல்ப் மாத்தின சர்வீஸ் ரிப்போர்ட் இருக்கு, அதுக்கப்புறம் அலைன்மெண்ட் பார்த்ததுக்கு ஒரு வரிகூட இல்ல. பல்ப் ஹோல்டர் லேசா நகந்தாலே கண்ணாடில பட்டு வர்ற வெளிச்சம் வேற எடத்துல விழும், கதிர் வர்ற எடம் மாறாது. திரும்ப இன்ஜினியர வரவெச்சு ஹோல்டரையும் கண்ணாடியையும் அட்ஜஸ்ட் பண்ணி, அதே பிளேட்ட வெச்சு ரீடெஸ்ட் பண்ணதுல 1 செ.மீக்குள்ள வந்துச்சு.

கடைசியா ரூம் சர்வே, ரூமுக்கு வெளியே எவ்வளவு கதிர் வருதுன்னு பார்க்குறது. டேபிள் மேல தண்ணி ஃபாண்டம் (பேஷண்ட் உடம்புக்குப் பதிலா வெக்கிறது) வெச்சு 100 எம்ஏல (டியூப்ல ஓடுற கரண்ட்) எக்ஸ்போஷர், கதவுக்கு வெளியே சர்வே மீட்டர் மணிக்கு 10 மில்லி ராண்ட்ஜன் (கதிர் அளவோட யூனிட்) காட்டுச்சு, அங்க நின்ன சிஸ்டர் பயந்துட்டாங்க. அது எக்ஸ்போஷர் ஓடுற அந்த நொடியோட வேகம் மட்டும்தான் சிஸ்டர்னு சொல்லி கணக்குப் போட்டுக் காமிச்சாரு தம்பி: வாரத்துக்கு 500 எம்ஏ நிமிஷம் (கரண்ட்டையும் நேரத்தையும் பெருக்கினது) வேலைன்னு வெச்சா 500ஐ 10ஆல பெருக்கி, ஒரு மணிக்கான 60 நிமிஷத்தையும் அந்த 100 எம்ஏவையும் பெருக்கின தொகையால வகுக்கணும், வாரத்துக்கு 0.83 மில்லி ராண்ட்ஜன் வரும். பொதுமக்கள் நிக்கிற எடத்துல 2 வரைக்கும் அனுமதி.

ரிப்போர்ட் ஏத்தி லைசென்ஸும் வந்துருச்சு. இப்ப நாங்க அப்பப்போ காசு வெச்சுப் பார்க்குறோம், லைட் ஓரத்துல நாலு பக்கமும் ஜோடி ஜோடியா ஒரு ரூபா காசு, ஒண்ணு உள்ள ஒண்ணு வெளிய, ரெண்டும் ஒட்டுற எடம் லைட் கோட்டு மேல. படத்துல கதிர் ஓரமும் அங்கேயே விழணும். பல்ப் மாத்த ஆள் வந்தா, அவர் டூல் பேக்க மூடுறதுக்கு முன்னாடியே இத எடுத்துப் பார்த்துட்டு சர்வீஸ் ரிப்போர்ட்ல எழுதி வாங்கிக்கோங்க.