திருமணப் படங்களில் முகம் தேடிய அனுபவம்

இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக, ஒரு படத்தில் மனித முகம் எங்கே இருக்கிறது என்று கண்டறியும் வயோலா–ஜோன்ஸ் முறையைச் சோதித்துப் பார்த்தேன். உசிலம்பட்டியில் நடந்த என் சித்தப்பா மகளின் திருமணப் படங்களை, வீட்டாரிடம் அனுமதி பெற்று அதற்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

2001-இல் பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் வெளியிட்ட இந்த முறை, கண்பகுதி கன்னத்தைவிட இருண்டிருக்கும், மூக்குத்தண்டு கண்களைவிட வெளிச்சமாக இருக்கும் என்பன போன்ற எளிய ஒப்பீடுகளை அடுக்கடுக்காகச் செய்கிறது. தொடக்க அடுக்கிலேயே தேறாத பகுதியை அங்கேயே கழித்துவிடுவதால், என் பழைய லேப்டாப்பிலும் விரைவாக ஓடியது. கணினிப் பார்வைக்கான ஆயத்த நிரல் தொகுப்பான ஓப்பன்சிவி இருப்பதால் நிரல் எழுதுவது அரைமணி நேர வேலைதான்.

சரிபார்ப்புதான் நான்கு இரவுகளை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு முகத்தையும் சுற்றி நானே கட்டம் வரைந்தேன். என் கட்டமும் நிரலின் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பை, இரண்டும் சேர்ந்து அடைக்கும் மொத்தப் பரப்பால் வகுத்து, விடை 0.5-க்குக் குறையாதிருந்தால் மட்டுமே சரி என்று கொண்டேன். பாதி மறைந்த முகத்தைச் சேர்ப்பதா என்ற கேள்வி எழுந்தபோது, ஒரு கண்ணும் மூக்கும் தெரிந்தால் சேர்ப்பது என்று முன்கூட்டியே முடிவெடுத்தேன். முடிவுகளைப் பார்த்த பிறகு விதியை மாற்றுவது நேர்மையாகாது.

மண்டப வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனரில், மணமக்கள் முதல் தாய்மாமன்கள் வரை அச்சிட்டிருந்த முகங்களில் பெரும்பாலானவற்றை நிரல் பிடித்துவிட்டது. முகம் என்ற அளவில் அது சரியே. வந்தவர்களை எண்ணுவதற்கென்றால் பிழை. ஆகவே அவற்றைத் தனிப் பட்டியலாக்கினேன்.

உச்சிவெயிலில், சூரியனுக்கு முதுகு காட்டி நின்றவர்களை எடுத்த படங்களில்தான் முறை தடுமாறியது. கண்ணும் கன்னமும் ஒரே இருட்டாகிவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரே இடத்தைச் சுற்றி நிரலுக்குப் பல கட்டங்கள் கிடைத்தால்தான் அதை முகம் என்று ஏற்கும். முகமில்லாத இடத்தில் விழும் பொய்க் கட்டங்களைக் குறைக்க, அந்த அண்டைக் கட்டங்களின் குறைந்தபட்ச எண்ணிக்கையை 3-லிருந்து 6-ஆக உயர்த்தியதும், நிழலில் நின்ற உண்மையான முகங்கள் சிலவும் சேர்ந்தே போயின. படத்தின் ஒளி வேறுபாட்டைப் பகுதி பகுதியாகச் சமன்செய்த பின்பு அவற்றுள் சில திரும்பின.

ஒரு படம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் அப்பத்தா, காதில் தண்டட்டி தொங்க, பேத்தியைப் பார்த்துப் பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கிறார். அந்தப் படத்திலேயே மிகத் தெளிவான முகம் அவருடையதுதான், ஆனால் அதன்மேல் கட்டம் விழவில்லை. எந்தெந்த ஒப்பீடுகளைச் செய்வது என்று நிரலுக்குச் சொல்வது, முன்பே பயிற்சி தந்து உருவாக்கிய ஒரு கோப்பு. நேராகப் பார்க்கும் முகங்களுக்குப் பயிற்சி பெற்ற கோப்பு பக்கவாட்டு முகத்தைக் காணாது என்பதால், அதற்கென்றே உள்ள கோப்பை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. அந்தக் கோப்பு ஒரு பக்கமாகத் திரும்பிய முகங்களை மட்டுமே அறியும் என்பது பிறகுதான் புரிந்தது. படத்தை இடவலமாகத் திருப்பி ஓட்டினேன். புருவம் முதல் தாடை வரை, தண்டட்டியை மட்டும் வெளியே விட்டு, கட்டம் சரியாக வந்து அமர்ந்தது.