அம்மா நடந்தால் முள் குதிக்கும்

எங்கள் வீட்டு மாடித் தரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. வெயிலுக்கு அருமை. ஆனால் அடுக்களையிலிருந்து கூடத்துக்கு அம்மா நாலு எட்டு வைத்தால் ரெக்கார்டில் முள் குதித்துவிடும். "கொஞ்சம் மெதுவா நடம்மா" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "என் வீட்டுல நான் நடக்கக் கூடாதாடா?" அதோடு நான் வாயைத் திறக்கவில்லை.

என்னிடம் இருப்பது பழைய தோரன்ஸ் டிடி 160 ரெக்கார்டு பிளேயர். சுழலும் தட்டும், முள்ளைத் தாங்கும் கையான டோன் ஆர்மும் ஒரே உலோகச் சட்டத்தில் இருக்கும். அந்தச் சட்டம் மூன்று ஸ்ப்ரிங்குகளில் மிதக்கும். மோட்டார் தனியே நின்று பெல்ட் வழியாகத் தட்டைச் சுழற்றும். இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியது அமெரிக்காவில் 1961இல் வந்த ஏஆர் எக்ஸ்ஏ என்ற பிளேயர். எட்கர் வில்ச்சரின் கைவண்ணம். தட்டும் முள்ளும் சேர்ந்து ஆடினால் பாட்டுக்குப் பாதகமில்லை, ஆளுக்கொரு பக்கம் ஆடினால்தான் வினை. சூட்சுமம் அவ்வளவுதான்.

அப்படியானால் முள் ஏன் குதித்தது? ஸ்ப்ரிங் எல்லா அதிர்வையும் விழுங்காது. சுமையில் 16 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்ப்ரிங் விநாடிக்குச் சுமார் 4 முறை ஆடும். அதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்துக்கு மேல் வரும் அதிர்வைத்தான் அது தடுக்கும். 4க்குப் பக்கத்தில் வருவதை இன்னும் ஊதிப் பெரிதாக்கும். நாம் நடப்பதோ விநாடிக்கு இரண்டு எட்டு, அது தடுக்கிற வேகத்துக்கு வெகு கீழே. துள்ளுகிற தரையும் சேர்ந்தால் ஸ்ப்ரிங்குக்குத் தீனி போட்ட மாதிரிதான்.

முதலில் மேசைமேல் ஒரு கடப்பா கல்லை வாங்கிப் போட்டேன். தண்டம். தரை ஆடினால் மேசையோடு கல்லும் ஆடுகிறது. போதாததற்குத் தட்டினால் 'டங்'கென்று ஒலிக்கிறது. அப்புறம் கொத்தனாரைக் கூப்பிட்டு, அதே கல்லை எல் ஆங்கிள் வைத்துச் சுவரில் பதித்தேன். குதிப்பு நின்றது.

ஆனால் சத்தத்தைக் கூட்டினால் மிருதங்கத்தின் 'தொம்' மட்டும் கொழகொழவென்று கேட்டது. தட்டை விரலால் லேசாக அமுக்கி விட்டுப் பார்த்தேன். நேராக மேலும் கீழும் போய்வர வேண்டியது, தொட்டில் மாதிரி பக்கவாட்டில் ஆடிற்று. பிளேயரை இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே பாலம் போல் வைத்து அடிப்பலகையைக் கழற்றினேன். குற்றவாளி நான்தான். இரண்டு வருடம் முன்பு, 'தரமானது' என்று நானே மாற்றிய, முள்ளிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் தடித்த சிக்னல் வயர் குச்சி போல் விறைத்து, மிதக்க வேண்டிய சட்டத்தை ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பெட்டியின் அதிர்வுக்கும் அதுவே நல்ல பாலம். நான் ஸ்ப்ரிங்கை நம்பியிருக்க, வயர் அதைக் கட்டிப்போட்டிருக்கிறது.

மெல்லிய, துவளுகிற வயரைப் போட்டு, ஒரு சுற்றுத் தளர்வு விட்டுப் பிணைத்தேன். கொத்தனாரின் ரசமட்டத்தை இரவல் வாங்கி, ஸ்ப்ரிங்குகளின் மூன்று நட்டுகளையும் அரைத் திருகு அரைத் திருகாகச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. இப்போது அமுக்கி விட்டால் தட்டு நேராக ஏறி இறங்கி அடங்குகிறது. 'தொம்' தனியாக, சுத்தமாகக் கேட்கிறது.

தடித்த வயர் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதன் விலையை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.