பிளேட்டை ரெண்டாம் நாளே தூக்கிப் போடாதீங்க

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சோதனைக்காகச் சீழ் வந்தால் நான் முதலில் பார்ப்பது கூடவரும் பாரத்தில் நோயாளியின் வேலையைத்தான். பெரும்பாலும் அந்த இடம் காலியாக இருக்கும். அன்றும் "காலில் புண், ஆறவில்லை" என்று மட்டுமே எழுதியிருந்தது. தோட்டத்து கிளினிக்குக்குப் போன் போட்டேன்.

"தம்பி, அவரு என்ன வேலை செய்யறாரு?"

"குலை வெட்டறாருக்கா. மட்டை முள்ளு குத்தி ரொம்ப நாளாச்சாம்."

முள்ளோடு மண்ணும் உள்ளே போயிருக்கும். மண்ணில்தான் நோகார்டியா என்ற பாக்டீரியா வாழ்கிறது.

பாக்டீரியாவை வகை பிரிக்கப் போடும் கிராம் சாயம் ஏற்றிய ஸ்லைடில் ஊதா இழைகள், கிளை கிளையாக, நடுநடுவே மணி கோத்தாற்போல விட்டுவிட்டுச் சாயம் ஏறியிருந்தன. பூஞ்சை என்று சொல்லத் தோன்றும். ஆனால் இந்த இழையின் தடிமன் சுமார் 1 மைக்ரோமீட்டர்தான். பூஞ்சை இழை இதைவிட நன்றாகப் பருமன். இதைச் சரியாகப் பிரிக்காவிட்டால் மருந்தே மாறிப்போகும். அடுத்து, காசநோய்க்குப் போடுகிற சிவப்புச் சாயத்தையே போட்டு, வழக்கமான ஆசிட் ஆல்கஹாலுக்குப் பதில் 1 சதவீதக் கந்தக அமிலத்தால் கழுவினேன். சிவப்பு நின்றது, நோகார்டியாவுக்கு அதுதான் அடையாளம். 1842-ல் மதுரையில் ஜான் கில் விவரித்த பாத நோய்க்குக் காரணமான கிருமிகளில் ஒன்றான ஆக்டினோமதுராவாக இருந்தால் சிவப்பு நிற்காது.

இனி காத்திருக்க வேண்டியதுதான். சாதாரணச் சீழ் கல்ச்சரை, அதாவது பிளேட்டில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதை, 48 மணி நேரத்தில் முடித்துவிடுவது பல இடங்களில் வழக்கம். நோகார்டியாவோ ஆற அமர வளரும். ரெண்டு மூன்று வாரம்கூட விட்டுப் பார்க்கணும். இது ஐந்தாம் நாள் தலைகாட்டியது. சுண்ணாம்புப் பொடி தூவினமாதிரி வறண்ட வெள்ளைப் புள்ளிகள். லூப் என்ற கம்பி வளையத்தால் தொட்டால் வழுக்கி வராது. பிளேட்டில் ஊற்றியிருக்கும் கூழான அகாரை இறுகப் பிடித்திருக்கும், கிள்ளினால் உதிரும். பிளேட்டை யாரும் மோந்து பார்க்கக் கூடாது. ஆனால் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துத் திறந்தபோதே புதுமழை பெய்த மண்ணின் வாசம் லேசாக வந்தது.

எந்த இனம் என்று உறுதிசெய்யப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். இனத்துக்கு இனம் மருந்து வேலைசெய்வது வேறுபடும். ஃபார்சினிகா என்ற நோகார்டியா இனம் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக்குக்குப் பொதுவாக மசியாது. டாக்டர் அதுவரை பொறுக்காமல் அன்றே கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடங்கினார்.

இந்த மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடணும். புண் காய்ந்ததும் வேலை, ஓவர்டைம் என்று நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. தம்பிக்கு மறுபடி போன் போட்டு அதையும் சொல்லிவைத்தேன்.