மரத்தரை, கம்பளம், மரத்தரை

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ (1980) படத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள் அடுத்த முறை ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். சிறுவன் டேனி, ஆளில்லாத ஹோட்டலுக்குள் முதல்முறையாக மூன்று சக்கர வண்டி ஓட்டும் இடத்தில் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். மரத்தரையில் சக்கரம் கடகடக்கிறது. கம்பளத்தில் ஏறியதும் சட்டென்று அடங்குகிறது. இறங்கினால் மறுபடி கடகட. பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனாலும் அடுத்த சத்தத்துக்காக உடம்பு தானாகவே காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறது. படத்தின் மொத்த பயத்துக்கும் அஸ்திவாரம் அந்தக் காத்திருப்புதான்.

அங்கே கேமரா தரையை ஒட்டி, வழுக்கிக்கொண்டு டேனியின் பின்னாலேயே போகும். கேமராவைக் குலுங்காமல் தாங்கும் கருவியான ஸ்டெடிகேமைக் கண்டுபிடித்த காரெட் பிரவுனே இந்தப் படத்தில் அதை இயக்கினார். வண்டியைத் துரத்தும் ஷாட்டுகளுக்கு அதைச் சக்கர நாற்காலியில் பொருத்தினார்கள். கையில் பிடித்து ஓடினால் படம் குலுங்கும். பின்னால் ஒரு ஆள் வருவது தெரிந்துவிடும். தண்டவாளம் போட்டால் விரிகோண லென்ஸில் அதுவே சட்டகத்துக்குள் விழும். ஒரு குலுக்கலும் இல்லாமல் வருவதால்தான் அது மனிதப் பார்வையாகத் தோன்றவில்லை. ஹோட்டலே பிள்ளையைப் பின்தொடர்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது.

இந்த ஷாட்டைக் குறும்படத்தில் முயல்கிறவர்கள் லென்ஸைக் குழந்தையின் தலைக்கும் கீழே இறக்க வேண்டும். பெரியவர்களின் கண் உயரத்தில் வைத்தால் தரைதான் அதிகம் தெரியும், சுவர்கள் உயர்ந்து நெருக்காது. திருப்பத்தில் வெட்டவே கூடாது. வளைவுக்கு அப்பால் என்ன என்ற கேள்வி அந்த வெட்டிலேயே செத்துவிடும். சக்கரச் சத்தத்தை இரண்டு தரையிலும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். அதன்மேல் இசையைக் கொட்டினால் எல்லாம் போச்சு.

இன்னொன்று, டேனியின் தகப்பனுக்கு ஹோட்டல் வேலைக்கான நேர்காணல் நடக்கும் மேலாளர் அறை. அவருக்குப் பின்னால் ஜன்னல், அதில் பகல் வெளிச்சம். ஆனால் படத்தில் வரும் நடைவழிகளை வைத்து வரைபடம் போட்டுப் பாருங்கள்: அந்த அறை கட்டடத்தின் உள்ளே இருக்கிறது, அங்கே வெளிச்சுவருக்கே இடமில்லை. முதல்முறை பார்க்கையில் இது கண்ணில் படுவது அரிது. இடம் ஏதோ சரியில்லை என்ற உறுத்தல் மட்டும் தங்கும். பார்க்கப் பார்க்கப் படம் பழசாகாமல் இருப்பதற்கு, என் கணிப்பில், இதுவே முதல் காரணம்.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது? ஐரோப்பாவுக்காகக் குறைத்தது சுமார் 119 நிமிடம், அமெரிக்கப் பதிப்பு 144. நீளமானதையே எடுங்கள். தகப்பன் முன்பு பிள்ளையின் கையைக் காயப்படுத்தியதைத் தாய் மருத்துவரிடம் சிரித்து மழுப்பியபடி சொல்லும் காட்சி அதில்தான் இருக்கிறது. குடும்பம் ஹோட்டலுக்குள் காலே வைக்காத நேரம் அது.